அண்ணனின் பொடியும் என் வெள்ளை மாத்திரையும்

ஜூலை 7, திங்கள்

வேன் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் இன்று பள்ளியில் உடல் பரிசோதனை. கண் சரி, காது சரி. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த டாக்டர் மட்டும் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். பிரஷர் எகிறிக் கிடக்கிறதாம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றார். தலையை ஆட்டிவைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எந்த வாயால் சொல்வது? அந்த ரோஸ் மாத்திரை விற்கிற விலையில் அட்டையை இழுத்துப் பிடித்துத்தான் மாதத்தை ஓட்டுகிறேன்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி மறுபடி பார்ப்பார்களாம். அப்போதும் இறங்கவில்லை என்றால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அலுவலகத்தில் உட்கார வேண்டும். அலுவலகமாம்! தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வளைவில் வண்டி திரும்பும்போது என் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "ஊ..." என்று கத்துவார்களே, அதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்க முடியுமா? முடியாது. நான் கொடுக்க மாட்டேன்.

ஜூலை 9, புதன்

டாக்டரோடு வந்திருந்த நர்ஸ் அன்றைக்கு வாசலில் பிடித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மலிவு மருந்துக் கடை இருப்பதாகச் சொன்னார். "மருந்து அதேதாம்மா. பெரிய கம்பெனி பேர் மட்டும் இருக்காது." இன்று போனேன். விலையைக் கேட்டதும் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்டேன். அந்தக் காசுக்கு ஒரு கீரைக்கட்டு வரும்.

ஒரு மாதத்துக்கு வாங்கி வந்தாயிற்று. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் சின்னதாக, வெள்ளையாக, பெயர் தெரியாத மாத்திரை. இந்த விலைக்கு உள்ளே என்னதான் வைத்திருப்பான், சுண்ணாம்பா?

ஜூலை 10, வியாழன்

அண்ணன் வந்தார். யாரிடம் கேள்விப்பட்டாரோ. கையில் பெரிய பாட்டில் நிறையப் பொடி, அவரே இடித்தது. "மாத்திரையெல்லாம் விஷம்மா. நான் விட்டு எத்தனை வருஷம் ஆச்சு, எப்படி இருக்கேன் பாரு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். காலையில் வேகமாக நட, மூச்சை நிதானமாக விடு, இந்தப் பொடியைக் கொதிக்க வைத்துக் குடி. அவ்வளவுதானாம். போகும்போது மாடிப்படியில் இரண்டு தரம் நின்று இளைப்பாறினார். வயசு.

என் வீட்டுக்காரர் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார். ஒரு கேன்டீனுக்கே சமைக்கிற மனிதர், மூக்கு பொய் சொல்லாது. "என்ன கலந்திருக்குன்னே தெரியல. டாக்டரைக் கேக்காம வாயில வெக்காத."

ஜூலை 13, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். விலை குறைவென்றால் வீரியமும் குறைவாகத்தானே இருக்கும்? இன்றிலிருந்து இரண்டு.

ஜூலை 15, செவ்வாய்

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ ஓரம் கட்டினேன். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து எவ்வளவு நேரம் கிடந்தேனோ. வேனைக் கொண்டுவர இன்னொரு ஓட்டுநரை வரச்சொன்னேன்.

வண்டி காலி. அதுதான் சாமி புண்ணியம். கால்மணி நேரம் முன்னாடி வந்திருந்தா? அந்த வளைவுல வந்திருந்தா? அய்யோ, நினைக்கவே முடியல. என்ன காரியம் செஞ்சேன் நான்!

ஜூலை 16, புதன்

லீவு போட்டுவிட்டு நேரே மருந்துக் கடைக்குப் போனேன், சண்டை போட. கடைக்காரம்மா நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "தினம் எத்தனை போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார்.

என் பையிலிருந்த பழைய ரோஸ் அட்டையையும் வெள்ளை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே மருந்து, ஒரே அளவு. "விலை குறைஞ்சா மருந்து குறைஞ்சிடுமா? உங்க வேன்ல டிக்கெட் விலை கம்மின்னா பாதி வழியில இறக்கிவிட்டுடுவீங்களா?" என்றார். பள்ளி வேனில் ஏது டிக்கெட்? அங்கிருந்தே டாக்டரோடு பேசவும் வைத்தார். இரண்டு போட்டதில் பிரஷர் ஒரேயடியாக விழுந்துதான் கண்ணை இருட்டியதாம். அவர் கொடுத்த திட்டு தனி. நாளைக்கும் ஓய்வு. பிறகு தினம் ஒன்று, ஒன்றே ஒன்று. பொடி வேண்டாம். நடப்பது மட்டும் ரொம்ப நல்லது.

ஜூலை 24, வியாழன்

அண்ணனோடு தினமும் காலையில் நடக்கிறேன். அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டு வருகிறார், நான் மூச்சை எண்ணிக்கொண்டு வருகிறேன். பொடியைத் தொடவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வீட்டில் உப்பைக் குறைத்ததில் இவருக்குத்தான் துக்கம். "என் கைக்கே அவமானம்" என்று தட்டை வைக்கும்போதெல்லாம் புலம்பல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

உப்புக் குறைந்த சாப்பாட்டுக்கு நாக்கு பழகிவிட்டது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் குறைத்துவிடுவார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இறங்கிவிட்டது! டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாவி என்னிடம்தான். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

துணைக்கு வந்திருந்த அண்ணன் விடுவாரா? "எல்லாம் என் பொடி, டாக்டர்!" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களும் கையை நீட்டுங்க" என்றார். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு ஜம்மென்று நீட்டினார். காற்று இறங்க இறங்க டாக்டரின் சிரிப்பும் இறங்கியது. இன்னொரு கையிலும் பார்த்தார். அன்றைக்கு எனக்கு இருந்ததைவிட மிக அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்வரை கூடவே இருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே அவராகவே சொன்னார்.

"வேலை போன வருஷம்மா. மாத்திரை வெல ஏறிடுச்சு. வாங்க முடியல. ஏன் விட்டேன்னு கேக்கிறவங்ககிட்ட காசில்லன்னு எப்படிச் சொல்றது? மாத்திரை விஷம்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு."

ஒருநாள் விட்டு ஒருநாள் முழுங்கிவிட்டு டாக்டரிடம் தலையாட்டினவள்தானே நானும். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன். "நீ சொன்னியா?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

ஆகஸ்ட் 27, புதன்

அண்ணனுக்கு நன்றாகவே இறங்கிவருகிறது. பொடி இருந்த அவர் வீட்டுப் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். ஒன்றில் மட்டும் மாத்திரை அட்டைகள்.

இன்று மருந்து வாங்க வேண்டுமென்று என் வண்டியில் தொற்றிக்கொண்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவைப் பிடித்துக்கொண்டு ஒரே உபதேசம். "கம்பெனி பேரைப் பாக்காதம்மா, மருந்து பேரைப் பாரு. நான் எல்லாத்தையும் ஆராய்ஞ்சு பாத்துட்டேன். ஆனா ஒண்ணு, மலிவா இருக்கேன்னு ரெண்டு ரெண்டா போட்டுடாத. அப்படிப்பட்ட புத்திசாலிங்களும் இருக்காங்க."

நான் கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை. வளைவு வந்தது, பிள்ளைகள் "ஊ..." என்று ஆரம்பித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது அண்ணன்தான்.