முனை வெட்டுப்பட்ட கத்திரிப்பூச் சேலை

அக்கா,

எலி இவ்வளவு நேராகக் கடிக்குமா என்று பாவா கேட்டுவிட்டார். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே ஓடி வந்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் பீரோவைத் திறக்காதவர், கிருத்திகைக்குக் குத்துவிளக்கு தேடி இன்று காலையில் திறந்திருக்கிறார். போன ஆடியில் நமக்குச் சாவுத் தீட்டு, கோயில் மலை ஏறவில்லை. இந்த ஆடிக்கு ஏறலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். விளக்கோடு உங்கள் கத்திரிப்பூச் சேலையையும் எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். அந்துருண்டை வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

"இத்த நீ கட்டிக்கோம்மா. அவளுக்கு ரொம்பப் புடிச்ச சேலை. பாம்பே போய் வந்தப்புறம் ஒரு தபாகூட கட்டல" என்றார். பிரித்துக் காட்டினார். முந்தானை முனையில் ஒரு கையகலத் துணி இல்லை. "எலி கடிச்சிருக்கும் பாவா" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

உனக்குப் பொய் சொல்ல வராதுடி, மூக்கு காட்டிக் குடுத்துடும் என்பீர்கள். நாலு வருஷமாக என் மூக்கை மூடி மூடி வைத்திருந்தேன், அக்கா. இன்று முடியவில்லை.

அண்ணனான பாவாவுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று வாக்கப்பட்டு ஒரே வாசலில் இருபத்திரண்டு வருஷம் இருந்தோம். நீங்கள் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். நான் அரக்கோணத்தில் வளர்ந்தவள், நூலுக்கு எது பாவு எது ஊடை என்றுகூடத் தெரியாமல் வந்தவள். நம் நாலு தறியும் ஓடும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டே நான் பயந்தேன். பல்லிக்குப் பயம், மாமியாருக்குப் பயம், மழை இடிக்குப் பயம். சேலைக்கு மூன்று இடத்தில் பின் குத்துவேன். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, மடிப்பில் ஒன்று. "இன்னாடி இது, பொட்டிக் கடைக்குப் பூட்டு போட்ட மாதிரி" என்று நீங்கள் சிரிக்காத நாள் இல்லை. நீங்கள் ஒரு பின்கூடக் குத்தியதில்லை. இழுத்துச் செருகினால் போதும், தறியிலும் நிற்பீர்கள், மலையும் ஏறுவீர்கள். இந்தப் பின் விஷயத்துக்கு நான் திரும்பவும் வரவேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாம்பே ஆசை உங்களுடையது. நம் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். தினமும் பாம்பே வண்டி நம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும். அடுக்கில் இருக்கும் தட்டெல்லாம் கடகடவென்று ஆடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டிகளில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படித்துக்கொண்டே இருந்தீர்கள். "இந்த வண்டி போய் எங்கதான் நிக்குதுன்னு ஒரு தபா பாத்துடணும்டி. அப்டி இன்னாதான் கீது அங்க?"

நூல் வராமல் தறி பத்து நாள் நின்றபோது பாவா டிக்கெட் போட்டார். என் வீட்டுக்காரர் வரவில்லை, துணைக்கு நான் வந்தேன். வராமலிருக்கப் பயமாக இருந்தது, வரவும் பயமாக இருந்தது.

அரக்கோணத்தில் ஏறினோம். மறுநாள் வண்டி போய் நின்ற இடத்தில் இறங்கியதும் நீங்கள் பெட்டியைக்கூட எடுக்காமல் எஞ்சினுக்கு முன்னால் போனீர்கள். அங்கே தண்டவாளம் முடிந்திருந்தது. குறுக்கே ஒரு பெரிய இரும்புக் கட்டை, அதில் சிவப்புப் பெயின்ட். அதற்கு அப்பால் ஒரு சுவர், சுவரோரம் ஒருவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "இவ்ளோதானா?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அதே கேள்விதான். கடல் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் கவரோடு வந்து கல்லில் மோதியது. "நம்ம ஏரி ரொம்பினா இத்தவிட நல்லா இருக்கும்." நடிகர் வீடு என்று ஆட்டோக்காரர் காட்டிய இடத்தில் உயரமான கேட் மட்டும் இருந்தது. அதன் முன்னால் நின்று ஐம்பது பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாமும் கேட்டையே பார்த்துவிட்டு வந்தோம். லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். சாம்பாரில் வெல்லம். பாவாதான் பாவம், தன் சொந்த ஊரைக் குறை சொன்னதுபோல் முகம் சுருங்கிப் போனார். அவருக்காக நீங்கள் அந்தச் சாம்பாரை இரண்டு தரம் வாங்கிக் குடித்தீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் பாவா லோக்கல் வண்டியில் போகலாம் என்றார். பொம்பளைங்களுக்குத் தனிப் பெட்டி, நீங்க அதுல ஏறுங்க, நான் முன்னாடி ஏறுறேன், கடைசி ஸ்டேஷன்ல இறங்கினா போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிளாட்பாரத்தில் அப்படி ஒரு கூட்டம். திரும்பிப் போய்விடலாம் அக்கா என்றேன்.

"ஆடிக் கிருத்திகையில பாக்காத கூட்டமா? இங்க வா" என்று என் முந்தானை முனையையும் உங்கள் முந்தானை முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டீர்கள். மலைப் படியில் கூட்டம் நெரிக்கும்போது வருஷா வருஷம் போடுவதுதான். அறுந்த நூலைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற கை அல்லவா. இழுக்க இழுக்க இறுகுகிற தறிக்கார முடிச்சு. "துணி அறுந்தாலும் அறும், இது அவுராது" என்றீர்கள். எனக்கு உயிர் வந்தது.

மலைப் படியில் கூட்டம் நகரும், படி நகராது. இங்கே நாம் ஏறி நிற்பதே நகர்ந்து போய்விடும் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வண்டி வந்ததும் பின்னாலிருந்த பெண்கள் என்னைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். நான் ஏறவில்லை அக்கா, ஏற்றப்பட்டேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் கீழே. நமக்கு நடுவில் நாலு பேர். வண்டி கிளம்பிவிட்டது.

முதலில் நீங்கள் நடந்தீர்கள், பிறகு ஓடினீர்கள். முடிச்சு நமக்கு நடுவில் காற்றில் இழுத்துக்கொண்டு நின்றது. நீங்கள் ஒரு கையால் அதை அவிழ்க்கப் பார்த்தீர்கள். நான் கத்தினேன். பெட்டியில் எல்லோரும் கத்தினார்கள். உங்கள் முட்டி தரையில் மோதியதைப் பார்த்தேன். பிளாட்பாரம் முடிகிற இடம் எனக்குத் தெரிந்தது, உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகம் என் பக்கம் இருந்தது. அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்ததை உருவி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று சுற்றி, மொத்தச் சேலையையும் விட்டீர்கள். ஆயிரம் ஆண்கள் நிற்கிற பிளாட்பாரத்தில் பாவாடையும் ஜாக்கெட்டுமாக உட்கார்ந்துவிட்டீர்கள். உட்கார்ந்தீர்களா, விழுந்தீர்களா, எந்தப் பக்கம் விழுந்தீர்கள் என்று நான் பார்ப்பதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் எத்தனை நிமிஷம் என்று தெரியாது. மடியில் உங்கள் சேலையைப் போட்டு முழம் முழமாகப் பார்த்தேன், ரத்தம் இருக்கிறதா என்று. கத்திரிப்பூ நிறத்தில் ரத்தம் பட்டால் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஈரமாக ஒரு இடம் கையில் பட்டது. முகர்ந்து பார்த்தேன், கிரீஸ். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண் என்னென்னவோ கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அக்கா, அக்கா என்பதுதான். ஊரில் போய் என்ன சொல்வேன், பாவாவிடம் என்ன சொல்வேன் என்றுகூட நினைத்தேன். அப்போதும் என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

அந்தப் பெண்தான் என் முழங்கையைப் பிடித்து இறக்கி, பாலம் ஏற்றி, எதிர்ப்பக்க வண்டியில் திரும்பக் கூட்டி வந்தாள். நீங்கள் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ மீன் விற்கிற அம்மா போர்த்திவிட்ட துண்டில் மீன் வாடை. முட்டியில் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் "சேலை எங்கடி?" என்றுதான் கேட்டீர்கள். அந்த மே மாச வெயிலில் நீங்கள் குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கியதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

உங்கள் முடிச்சு உங்களுக்கே அவிழவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தீர்கள். டீக்கடைக்காரர் பன் வெட்டுகிற கத்தியைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் வெட்டி, முடிச்சைத் தண்டவாளத்தில் வீசிவிட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டீர்கள். "நீ ஒண்ணும் பாக்கல, நானும் ஒண்ணும் பாக்கல. பாம்பே எப்படின்னு கேட்டா சூப்பர்னு சொல்லு" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஒருத்தன் என்னப் பாத்து போனைத் தூக்கினான்டி" என்றீர்கள்.

கடைசி ஸ்டேஷனில் காத்திருந்த பாவாவிடம், கூட்டம், அடுத்த வண்டியில் வந்தோம் என்றோம். முட்டிக்குக் கல் தடுக்கியது என்றோம். ஊருக்கு வந்ததும் தெருவே கேட்டது. "சொர்க்கம்டி. கடல் அப்படியே நீலமா இருக்கும்" என்று கை ஆட்டிச் சொன்னீர்கள். நான் அடுக்களையில் மூக்கை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு நீங்கள் தண்டவாளத்தைத் தாண்டவே இல்லை. மார்க்கெட்டுக்குப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். பசங்கள் போனைப் பார்த்துச் சிரித்தால் உங்கள் முகம் வெளுத்துவிடும். "இன்னாடா அது, காட்டு" என்பீர்கள். அது ஏதோ பூனைக்குட்டி வீடியோவாக இருக்கும். பாம்பே வண்டி போகும்போது தறிக்கட்டையைப் பிடித்துக்கொள்வீர்கள். பயப்படுவது என் வேலையாக இருந்தது. அதை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ஒரு ஐப்பசி சாயங்காலம் நெஞ்சைக் கரிக்கிறது, சோடா வேண்டும் என்றீர்கள். சோடா வாங்கி வருவதற்குள் போய்விட்டீர்கள்.

இன்று, பால் பொங்குகிறதா என்று பார்க்க வந்தவர்போல் பாவா அடுக்களை வாசலில் வந்து நின்றார். தலை குனிந்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காத. பாம்பேல எவனாச்சும் அவ மேல கை வெச்சிட்டானா? அவள கேக்க எனக்குத் தைரியம் வரல. நாலு வருசமா நெஞ்சுல வெச்சிகினு கீறேன்."

என் தலையில் நீங்கள் வைத்த கை ஞாபகம் வந்தது. ஆனால் அந்தக் கிழவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சத்தியத்தைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சேலையை மடியில் வைத்து, வெட்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அத்த வுட்டதாலதான் பொழச்சாளா?"

"ஆங், பாவா."

"நீ இன்னா பண்ண?"

"கத்தினேன் பாவா" என்றேன்.

அது பொய்யில்லை. மிச்சத்தை உங்களிடம்தான் சொல்லவேண்டும். நீங்கள் கீழே ஓடிக்கொண்டிருந்தபோது என் முந்தானையும் இழுத்தது. என் கை தோளுக்குப் போனது. பின்னை எடுக்கப் போகவில்லை, அக்கா. பின் கழன்றுவிடக் கூடாது என்று அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். நான் சேலையை விட்டிருந்தால் பார்க்க ஒரு ஆண்கூட இல்லை. முடிச்சின் ஒரு பக்கம் விட்டால் போதும். அதை நான் விடவில்லை. அத்தனை ஆண்களுக்கு முன்னால் நீங்கள் விட்டீர்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதானே ஓடினீர்கள், என் கை எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். இப்போது கேட்க நீங்கள் இல்லை என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். நாலு நாளாக எழுத முடியவில்லை. இன்று கிருத்திகை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். என் மருமகள் மாலதியை நீங்கள் பார்த்ததில்லை. இந்தத் தையில் வந்தவள், நாலு மாசம் முழுகாமல் இருக்கிறாள். படியில் பாதிக்கு மேல் கூட்டம் நெரித்தது. "அத்தே, பயமா கீது. உங்க சேலை முனைய என்னோடத்துல முடிஞ்சிக்கலாமா? எங்க ஊர்ல அப்படித்தான் பண்ணுவாங்க" என்றாள். உங்கள் சேலையில் முடிய முனை இல்லை. இருந்திருந்தாலும் முடிய விட்டிருக்க மாட்டேன். "கையப் புடிச்சிக்கோ" என்றேன்.

மேலேயிருந்து இறங்கிய ஒரு மயில்காவடியின் கம்பி என் முந்தானையை மாட்டி இழுத்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள். மாலதி கால் தவறினாள். என் ஒரு கை கைப்பிடிக் கம்பியில், ஒரு கை அவள் கையில். உங்களைப்போல் இன்று தோளில் நான் பின் குத்தவில்லை. முந்தானை சரிந்து காவடியோடு போய்க் கீழே விழுந்தது. கை தோளுக்குப் போகத்தான் துடித்தது, மாலதியை விட்டு எடுக்கவில்லை. யார் யாரோ பார்த்தார்கள்.

மாலதியை மேல்படியில் உட்காரவைத்து, அவள் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் மாராப்பைச் சரிசெய்தேன், அக்கா.