ஐந்தாவது வரி

புத்தூர், திருச்சி
9-2-1966

அன்பு மகள் செல்லக்கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனசு அடங்கும். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, மூன்று தடவை எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டேன். குடியரசு தினத்தன்று டெல்லியில் உங்கள் ஹாஸ்டலில் ஒவ்வொரு பெண்ணும் அவளவள் பாஷையில் கவிதை படித்ததையும், நீ தமிழில் படிக்கப் படிக்க உன் அறைத்தோழி இந்தியில் அர்த்தம் சொன்னதையும் எழுதியிருந்தாய். கீழே இருந்த பெண்கள் நடுவிலேயே கையை வீசிக் கத்தி, சொன்ன வரியையே திரும்பச் சொல்லு என்று உன் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள், நாலாவது வரியோடு மேடையை விட்டு இறங்கிவிட்டேன், இனி அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது, நர்ஸ் படிப்பும் வேண்டாம், டிக்கெட் எடுத்து அனுப்புங்கள் என்று முடித்திருந்தாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஸ்ரீரங்கம் போய்த் தாயார் சன்னிதியில் நின்றேன், நீ வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்றே தெரியாமல் குங்குமத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அப்பா, "புள்ள அழுவுதுன்னா கூட்டிக்கிட்டு வந்துடுவோம், அதுக்கு ஏன் நீயும் சேந்து அழுவுற" என்று சொல்லிவிட்டு, ஜங்ஷனில் வேலை பார்க்கும் நல்லுசாமியிடம் டிக்கெட்டுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார்.

அதற்குள் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பிரதமர் இறந்த துக்கத்தில் தள்ளிப் போன பொங்கல் விழா போன சனிக்கிழமை அப்பாவின் தொழிற்சாலைக் குடியிருப்பில் நடந்தது. உன் கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டே திருவெறும்பூர் பஸ் ஏறினேன், அதை வீட்டில் விட்டுப் போக மனசு வரவில்லை. கவியரங்கம் வைத்திருந்தார்கள், தலைமை அப்பாவோடு வேலை செய்யும் அமிர்தசாமி. அங்கேதான் எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்களே, தெலுங்கில் ஒருவர் படித்தார், மலையாளத்தில் ஒருவர், கடைசியாக வெல்டிங் பிரிவிலிருந்து ஹர்பன்ஸ் சிங் என்ற பஞ்சாபிக்காரர். போன வருஷம் இதே தையில் இந்திக்கு எதிராக ஊரே கொதித்தது உனக்குத் தெரியும், இவர் பாஷையும் நம் காதுக்கு இந்தி மாதிரித்தான் கேட்கும், யாராவது ஏதாவது சொல்லி அவர் மனசு நோகக் கூடாது என்று அமிர்தசாமிக்குப் பயம். "சிங் ஐயா நம்ம விருந்தாளி, அவர் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது" என்று மைக்கில் சொல்லிவிட்டார். நாங்களும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் இரண்டு வரி படித்து எங்களைப் பார்த்தார். அர்த்தத்தை ஒருவர் தமிழில் சொன்னார், நன்றாகத்தான் இருந்தது, நாங்கள் அசையவில்லை. மறுபடி இரண்டு வரி, மறுபடி பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை மடித்து, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அப்பா பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு அமிர்தசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். வடக்கே அவர்கள் பக்கம் ஒரு வரி பிடித்துப்போனால் அங்கேயே சத்தம் போடுவார்களாம், தொடையைத் தட்டுவார்களாம், திரும்பச் சொல் திரும்பச் சொல் என்று விடாமல் கேட்பார்களாம். பேசாமல் இருந்தால் இறங்கிப் போ என்று அர்த்தமாம். "எழவு வீட்டுல படிச்ச மாதிரி இருந்துச்சாம்யா அவருக்கு" என்றார் அப்பா. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவள் உன் கடிதத்தை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் திரும்பப் படித்தேன். கையை வீசினார்கள், திரும்பச் சொல்லச் சொன்னார்கள். நீயேதான் எழுதியிருக்கிறாய்.

அமிர்தசாமி கெஞ்சி அவரை மறுபடி மேடையேற்றினார். பிரிவினையில் விட்டு வந்த வீட்டைப் பற்றிய கவிதை அது. எல்லைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, அம்மா திறப்பாள் என்று நான் இன்னும் வெளியே நிற்கிறேன் என்று வந்தது. கூட்டம் கூச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நான் எழுந்து நின்று, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். அப்பா என்னை யாரோ என்பது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிங் சிரித்துவிட்டார். இரண்டாம் தடவை சொன்னார், அதற்குள் நாலு பெண்கள் கேட்டார்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள் விசில் அடித்தார்கள், அந்த ஒரு வரியையே ஐந்து தடவை சொன்னார். பஸ்ஸுக்கு வரும்போது உன் கதையை அவரிடம் சொன்னேன். "பிடிக்காத வரியை யாரும்மா திரும்பக் கேப்பாங்க" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

கண்ணு, நான் டெல்லியைப் பார்த்தவள் இல்லை. உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயசு, கையில் ஒரு இன்டர்மீடியட் சர்ட்டிபிகேட், வேறொன்றும் தெரியாது, இப்போதும் தெரிந்த மாதிரி இல்லை. அங்கே ஒன்றிரண்டு பேர் உண்மையாகவே கேலி செய்திருக்கலாம். அதனால் உன் அறைத்தோழியிடம் நேராகக் கேள், ஏன் கத்தினார்கள் என்று. கேட்டுவிட்டு, அப்புறமும் வரத்தான் வேண்டும் என்றால் ஒரு வரி எழுது, டிக்கெட் எடுத்துவிடுவோம், ஏன் என்று கேட்க மாட்டேன். ஹோலிக்கு மறுபடி படிக்கப் பெயர் கேட்கிறார்கள் என்று ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதையும் யோசி. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு டியூட்டிக்குப் போகாதே, பார்சலில் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போடு.

தாயார் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. குங்குமம் இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று மறக்காதே, கடிதத்திலும் உன் கவிதையை நாலு வரியோடு நிறுத்திவிட்டாய். அந்த ஐந்தாவது வரியை எழுதி அனுப்பு. அப்பாவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, திரும்பவும் படிங்க என்று கேட்கப்போகிறேன்.

உன் அம்மா,
அழகம்மாள் தர்மராஜ்