கோப்பில் இல்லாத வரி

மார்ச் 4

என் குட்டிக்கு,

நலமாக இருக்கிறேன். நீ இருபது நாளாக ஒரு வரி எழுதவில்லை, அதுதான் குறை. போனில் கூப்பிட்டால் நீ வேலை செய்துகொண்டே "ம்... ம்..." என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

தையல் கம்பெனியில் எனக்கு இரண்டாவது எச்சரிக்கைத் தாள் கொடுத்துவிட்டார்கள். கழிப்பறைக்குப் போய்வரப் பதினாறு நிமிடமாம். அந்தக் கணக்கை நிறுத்திவிட்டோம் என்று போன வருடமே நிர்வாகம் எழுதிக் கொடுத்ததே என்றேன். சூப்பர்வைசர் போனை நீட்டி, "நான் என்னம்மா பண்றது? ஆப் சொல்லுது" என்கிறார். மூன்றாவது தாள் வந்தால் வேலை இல்லை. தண்ணீர் பாட்டிலை இப்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

அந்த ஆப் உங்கள் கம்பெனி செய்ததுதானே?

நேரத்துக்குச் சாப்பிடு.
அம்மா

மார்ச் 12

அம்மா,

எங்கள் கம்பெனி செய்ததுதான். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு எரிச்சல். தோண்டிப் பார்த்தேன்.

சூப்பர்வைசரின் போன், ஆபீஸ் திரை, சர்வர் மூன்றும் தங்களுக்குள் என்னென்ன தகவல் கொடுத்து வாங்கலாம் என்பது மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதிக் கிடக்கிறது. போன வருடம் ஆபீஸ் திரையில் மட்டும் அழித்திருக்கிறார்கள். போன் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, சர்வர் வாங்கிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்த வாக்கின் லட்சணம் இது.

எல்லாவற்றையும் பிடுங்கித் தனியாக ஒரே கோப்பில் எழுதப்போகிறேன். ஸ்கீமா என்போம். உங்கள் கட்டிங் மேஜையில் அளவு அட்டை ஒன்றுதானே? ஆளுக்கொன்று வைத்திருந்தால் ஒரு சட்டையாவது உருப்படுமா?

பாட்டிலை எடுத்துக்கொண்டு போ. சண்டை போடாதே, நான் போடுகிறேன்.
உன் குட்டி

மார்ச் 27

அம்மா,

முடித்துவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று தமிழிலேயே எழுதி, கூட்டத்தில் பெரிய திரையில் போட்டேன். "கழிப்பறை நிமிடங்கள்: தொழிலாளி எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்" என்ற வரி வந்ததும் திரையை அங்கேயே நிறுத்தினேன்.

"இது யாருக்கு வேணும்? அவங்க பேரையும் பக்கத்துல போட்டுடறேன்" என்றேன்.

டீம் லீடர், "சின்ன வேலை கொடுத்தா ஊரையே கூட்டுறியேம்மா" என்றார். ஆனால் தன் பேரைப் போடச் சொல்லவில்லை. உங்கள் நிர்வாகத்திலிருந்து வந்தவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணெதிரிலும் அந்த வரியை அழித்தேன். இனி இந்தக் கோப்பில் இல்லாத எதையும் சர்வர் வாங்காது.

மீதி நாற்பத்தொரு வரி. அச்செடுத்து அனுப்புகிறேன்.
உன் குட்டி

ஏப்ரல் 8

என் குட்டிக்கு,

நீ அனுப்பிய அச்சைச் சூப்பர்வைசரிடம் நீட்டி, "இதுல எங்க இருக்கு, காட்டுங்க தம்பி" என்றேன். மேலிருந்து கீழே இரண்டு முறை விரலை ஓட்டிவிட்டு, "காணோம்மா" என்றார். என் எச்சரிக்கைத் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதே கணக்கில் தாள் வாங்கிய மற்ற பதினொரு பெண்களுடையதையும்தான்.

"யாருக்கா எழுதினது?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. "எம் பொண்ணு" என்றேன். அதன் பிறகு வெகுநேரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண் அப்படி. எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கிறாய் என்று திட்டியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புதுப் பாட்டில் வாங்கியிருக்கிறேன். பெரியது. மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது.

அம்மா