மடைத் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டிய பிறகே புது ரோடு போடக் கோரும் மனு

அனுப்புநர்
சே. ஃபர்ஹத், பி.எஸ்சி.,
க/பெ. சல்மான் ஃபாரிஸ்,
மடைத் தெரு கீழ்ப்பகுதி,
செண்பகத்துறை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
செண்பகத்துறை.

பொருள்: மடைத் தெரு – வீட்டு உரிமையாளர்களின் பங்குத்தொகையுடன் தார் ரோடு புதுப்பித்தல் – பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவதால் தாழ்வான வீடுகளுக்குள் மழைத்தண்ணீர் புகுதல் – சுரண்டிய பின் பணி தொடங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆட்சேபணை தெரிவிக்கத் தாங்கள் கொடுத்திருந்த கெடு முடிந்த பிறகு இதை எழுதுகிறேன். கீழ்ப்பகுதியில் உள்ள நான்கு வீட்டாரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். "தெருக்காரங்களப் பகைச்சிக்கிட்டு எங்கன போயி இருக்கது?" என்று ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தாமதத்தைப் பொறுத்து, வரும் திங்கட்கிழமை வேலை தொடங்குவதற்கு முன் இதைப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

2. எங்கள் தெரு மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து வாய்க்காலில் முடிகிறது. கிழக்குக் கோடியில் இருப்பவை பழைய வீடுகள். நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வாசலில் மூன்று படிகள் இருந்தன. ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அதன்பின் இரண்டு தடவை ரோடு போட்டார்கள். இரண்டு தடவையும் பழையதைச் சுரண்டவில்லை. அந்தப் படிகள் இப்போது ரோட்டுக்கு அடியில் இருக்கின்றன. தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒரு சாண் இறங்குகிறோம்.

3. தரையை உயர்த்திக்கொள்ளலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். ஒரு முறை உயர்த்திவிட்டோம். என் கணவர் சவூதியில் தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் மண் அடித்துத் தளம் போட்டோம். அதன் பிறகும் ஒரு சாண் பள்ளம்தான். தரை உயர்ந்ததில் கூரை தலைக்குக் கிட்டே வந்துவிட்டது; பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப் பயந்து மின்விசிறியைக் கழற்றி வைத்துவிட்டோம். இனி உயர்த்த இடமில்லை.

4. கடந்த மே மாதம் ஒரு கோடை மழை. பின்வாசலில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது முன்னறை முழுவதும் கறுப்புத் தண்ணீர். ரோட்டில் ஓடியதும் வாறுகால் சாக்கடையும் கலந்து வாசல் வழியே இறங்கியிருந்தது. அப்போது தவழும் பருவத்தில் இருந்த என் மகன் அம்மார், அதன் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று அவன் உட்கார்ந்திருந்தான், ஐயா. தூங்கியிருந்தால் அதே இடத்தில் பாயில்தான் கிடந்திருப்பான்.

5. இந்த முறையும் வாசல் அகலத்துக்குத் தக்கபடி வீட்டுக்கு வீடு பங்கு கேட்டீர்கள். நாங்கள் முழுவதும் கட்டிவிட்டோம். சென்ற மாதம் தங்கள் பொறியாளர் தெருவுக்கே வந்து, சுரண்டிவிட்டுப் போடுவது ஒரு வகை, மேலேயே போடுவது ஒரு வகை, சுரண்டினால் ஒவ்வொரு வீட்டுப் பங்கும் கூடும், தெருவே முடிவு செய்யட்டும் என்றார். தெருச் சங்கத் தலைவர் சிவசைலம் அண்ணாச்சி எழுந்து, "போன தடவ நாம துட்டு போட்ட ரோடுல்லா வே இது? அதச் சொரண்டி லாரில ஏத்திட்டுப் போவானாம். லாரிக்கு வாடகையும் நாமளே குடுக்கணுமாம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "குடுக்கற துட்டுக்கு நல்லா கனமா போடச் சொல்லும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வீட்டுக்குள் தண்ணீர் வருவதை நான் சொன்னேன். "நீயும் வீட்ட இடிச்சி ஒசத்திக் கெட்டும்மா. வெளிநாட்டுத் துட்டு வருதுல்லா?" என்றார் அண்ணாச்சி. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். சுரண்ட வேண்டும் என்று தூக்கியது நானும், பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் மாரிக்கண்ணு அக்காவும் மட்டும். திரும்பும்போது அக்கா, "துட்டையும் குடுத்து தண்ணியையும் வாங்குதோம்" என்றார்.

6. அண்ணாச்சி கெட்டவர் அல்லர். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்களுக்கு அவர் மாடியில்தான் இடம் தந்தார். தன் பணத்தில் போட்ட ரோட்டைப் பிறர் பெயர்த்துக்கொண்டு போவதாக அவர் உண்மையாகவே நம்புகிறார். நகராட்சி தன் செலவில் ரோடு போட்ட காலத்தில் அது எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று யாரும் கை தூக்கவில்லை. பங்கு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அது ஓட்டுக்கு வந்திருக்கிறது. பங்கு கேட்பது சரியா தவறா என்று வாதாட எனக்குத் தெரியாது. ஆனால் மேட்டு வீட்டார் மிச்சம் பிடிக்கும் பணத்துக்குப் பள்ளத்து வீட்டார் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டும் என்று எந்த விதியிலும் இருக்காது என்று நம்புகிறேன்.

7. பாபநாசம் அணையைத் திறந்தால் ஆற்றங்கரைக்கு முன்னதாக அறிவிப்பு வருகிறது. எங்கள் வாசலுக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. அம்மார் இப்போது நடக்கிறான். மேகம் கறுத்தால் அவனை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. ஒரு கையால்தான் சமைக்கிறேன். இன்னும் ஐப்பசி அடைமழை வரவேண்டியிருக்கிறது.

ஆகவே, தெருவின் தீர்மானத்தை மட்டும் வைத்து வேலையைத் தொடங்காமல், கீழ்ப்பகுதி வீடுகளின் தரைமட்டத்தை அளக்கவும், பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போடவும், அதற்கான கூடுதல் செலவை நகராட்சியே ஏற்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அது முடியாதென்றால் எங்கள் வாசலுக்கு வரும் கூடுதல் பங்கைத் தவணையில் கட்டச் சம்மதிக்கிறேன். என் கணவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமைக்குள் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து, எங்கள் முன்னறையில் நின்று தெருவைப் பார்த்தால் போதும். வேறு ஆதாரம் தேவைப்படாது. உள்ளே வரும்போது வாசல் நிலையில் தலை இடிக்கும், ஐயா. தயவுசெய்து குனிந்து இறங்கவும்.

இடம்: செண்பகத்துறை
நாள்: 10.09.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சே. ஃபர்ஹத்