காட்டன் லூ

டெட்ராய்ட்
9 மார்ச் 1953

அன்புள்ள ஓடெல்,

நலமாக வந்து சேர்ந்தேன். சொல்லிக்கொள்ளாமல் சிகாகோவிலிருந்து கிளம்பியது தப்புதான். உன் முகத்தைப் பார்த்தால் குமட்டியது.

அந்த வெள்ளைக்கார இசைத்தட்டுத் தயாரிப்பாளர் என்ன சொன்னார்? "இவ்ளோ சுத்தமா பாடாதம்மா. வார்த்தைய மென்னு துப்பு. பருத்திக்காட்டுல நின்னு அழற மாதிரி இருக்கணும்." நான் பல் டாக்டர் மகள். பருத்திச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. சிறுவயதிலிருந்து பாட்டு டீச்சர் மிஸ் ஆல்ஸ்டனிடம் மூச்சுக்கும் உச்சரிப்புக்கும் திட்டு வாங்கிக் கற்றவள். "எப்படின்னு நீங்களே பாடிக் காட்டுங்க" என்றேன். காட்டினார். வாயைக் கோணி, கண்ணை உருட்டி, நம் கறுப்பு ஆட்களைப் போல.

பியானோ பக்கமிருந்து சிரிப்பு வந்தது. நீதான்.

அதன்பின் அவர் கேட்டபடியே பாடித் தொலைத்தேன். இன்னும் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் சிரித்தாய் என்று மட்டும் எழுது.

லவீனியா

சிகாகோ
20 மார்ச் 1953

என் செல்ல வீனியாவுக்கு ஆசை முத்தங்கள்.

நம் பாட்டு ரேடியோவில் தினமும் வருகிறது. மாடிவீட்டு எல்வுட், "யார்ரா இவ, மிசிசிப்பி பருத்திக்காட்டுக்காரியா?" என்றான். என் பெண்டாட்டி என்றேன், நம்பவில்லை.

அந்த ஆள் வேடிக்கை காட்டினால் சிரிக்கத்தான் வேண்டும், கண்ணே. இல்லாவிட்டால் மறுநாள் அந்தப் பியானோவில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். இதைப் போய்ப் பெரிதாக்காதே.

இன்னும் சில பாட்டுகள் வேண்டுமாம், அதே மாதிரி. லவீனியா என்றால் பள்ளிக்கூட டீச்சர் போல இருக்கிறதாம். இசைத்தட்டில் 'காட்டன் லூ' என்று பெயர் போடுகிறார்கள். உனக்காக நானே சரி சொல்லிவிட்டேன். சீக்கிரம் வா.

உன் ஓடெல்

டெட்ராய்ட்
2 ஏப்ரல் 1953

ஓடெல்,

நேற்று முடி அலங்காரக் கடையில் இருந்தபோது அந்தப் பாட்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் நம் இனத்துப் பெண் ஒருத்தி. "இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஓடெல். உன்னைப் போலவே. என் மேலேயே எனக்கு அப்படியொரு அருவருப்பு.

"அது நான்தான்" என்றேன். யாரும் நம்பவில்லை. எழுந்து நின்று அதே பாட்டை என் குரலில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும்படி பாடினேன். அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு, "ரேடியோல வர்றவ பாடுறதுதான் நல்லாருக்கு" என்றாள்.

அந்தக் காட்டன் லூவைத் தேடிப் பிடித்து அவளுக்கு நீ பியானோ வாசி. எனக்கு அவளையும் பிடிக்கவில்லை, உன்னையும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை என் தம்பி வருவான். என் துணிமணிகளைக் கட்டி வை. கல்யாண மோதிரத்தை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே ஒரு சின்ன கிளப்பில் பாடக் கேட்டிருக்கிறார்கள். என் பெயரோடு அப்பாவின் குடும்பப் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

லவீனியா பெட்டிஃபோர்ட்