மறைநிலைச் சாளரத்தில் பெண் பார்த்தவனுக்கு

கடந்த திங்கட்கிழமை காலை, சிற்றுண்டிக்குப் பிறகு, நன்கு ஆலோசித்து, பின்விளைவுகளை எல்லாம் எடைபோட்டு, தலைமுடிக்குச் சாயம் பூசுவது தொடர்பான விவரங்களைக் கணினியின் மறைநிலைச் சாளரத்தில், அதாவது இன்காக்னிடோவில், தேடுவது என்று முடிவு செய்தேன். குடும்பத்தில் யாரையும் கலந்தாலோசிக்கவில்லை. மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். எதிர்ப்பு ஏதுமின்றி முடிவு நிறைவேறியது.

சாளரம் திறந்தது. கறுப்புப் பின்னணியில் அந்தத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் வந்து நின்றன. அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய முகம் வழக்கம்போல இல்லை. நீ அந்தப் படத்துக்கு ஆபீசர் என்று பெயர் வைத்திருந்தாய். திறக்கும்போதெல்லாம், "நம்ம ஆபீசர் டூட்டிக்கு வந்துட்டாரு" என்பாய். நான் சாயத்தை மறந்துவிட்டு, உன்னை நினைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

நாம் இருவரும் ஒரே தொழிற்சாலையில் நரைத்தவர்கள். நான் ஸ்டோர்ஸ், நீ இன்ஸ்பெக்‌ஷன். இயந்திரத்திலிருந்து இறங்கும் உதிரிப்பாகங்களை அளந்து பார்த்து, தேறாதவற்றின் மேல் சிவப்புப் பெயின்ட் அடிப்பது உன் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்டின் டவுனில் ஒரே கட்டடத்தில், நான் மாடியிலும் நீ கீழ்வீட்டிலுமாக இருந்தோம். உன் மனைவி இறந்த பிறகு நீ பெயின்ட் டப்பா இல்லாமலே உலகத்தைத் தள்ளுபடி செய்யத் தொடங்கினாய். ஓட்டல் இட்லி, தொலைக்காட்சிச் செய்தி, என் நகைச்சுவை, எதுவும் தேறவில்லை. மகள் நளினிக்கு ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில் வேலை. அங்கேயே ஒரு பிளாட். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். மற்ற நாட்களில் உனக்குப் பேச்சுத்துணையாகத் தன் பழைய லேப்டாப்பை விட்டுப் போயிருந்தாள்.

அந்த லேப்டாப்பில்தான் நீ ஆபீசரைச் சந்தித்தாய். ஒரு நாள் என்னைக் கீழே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எதிர்க்கடைத் தையல்காரர் பார்த்துவிடாதபடி திரைச்சீலையையும் இழுத்துவிட்டாய். உலகம் தழுவிய நிறுவனங்களிடமிருந்து தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள நினைக்கும் மனிதன் முதலில் தையல்காரரிடமிருந்துதான் தொடங்குகிறான்.

"இதுல பண்றது யாருக்கும் தெரியாதுய்யா. மூடினா எல்லாம் அழிஞ்சிடும்" என்றாய். குரலையும் தாழ்த்திக்கொண்டாய்.

திரையில் இருந்தது ஒரு திருமணத் தகவல் தளம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கானது.

நான் சிரிப்பேன் என்று நீ தயாராக இருந்தாய். நான் சிரிக்கவில்லை, அதற்குத்தான் நீ தயாராக இல்லை. அதனால் கேட்காமலே காரணம் சொன்னாய். "நாலு பேரு வேணாம்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். அது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். நளினிக்குத் தெரியக் கூடாது." அம்மாவின் இடத்தில் இன்னொருத்தியா என்று அவள் மனம் உடைந்துபோய், ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உன் பயம். யாருமே சம்மதிக்காவிட்டால் எதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பணயம் வைக்க வேண்டும்? வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் செய்ததைத் தள்ளுபடி செய்த நீ, உன்னைத் தள்ளுபடி செய்வதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொள்ள விரும்பினாய். மனிதனுக்குத் தனிமறைவு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் எந்த நிபுணர் பேச்சிலும் கேட்டதில்லை.

விண்ணப்பத்தை நாம் சேர்ந்து நிரப்பினோம். ஜாதகம் கேட்டார்கள். விகாரைக்குப் போகிற நம் பௌத்தக் குடும்பங்களில் ஜாதகம் தாத்தா காலத்தோடு நின்றுபோன விஷயம், காலியாக விட்டாய். பொழுதுபோக்கு என்ற இடத்தில் "குறை கண்டுபிடித்தல்" என்று போடச் சொன்னேன். நீ "காலை நடை" என்று போட்டாய். புகைப்படத்துக்குப் பணி ஓய்வு விழாவில் எடுத்ததைக் கொடுத்தாய். கழுத்தில் ரோஜா மாலை, தோளில் யாரோ ஒருவருடைய கை. கைக்கு உரியவரை வெட்டியாயிற்று, கையை வெட்ட முடியவில்லை.

பிறகு மொபைல் எண் கேட்டார்கள்.

இங்கே, நம்மைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நம் வயதுக்காரர்கள் வீட்டில் கேஸ், வங்கி, ஆதார், மின்சாரம் எல்லாவற்றிலும் பதிவாகியிருப்பது பிள்ளைகளின் எண்தான். ஓடிபி அங்கே போகும். நாம் போன் செய்வோம், அவர்கள் படித்துச் சொல்வார்கள். பிள்ளைகளோடு தினமும் பேசுவதற்கு அரசாங்கமே செய்து கொடுத்த ஏற்பாடு அது. நீயும் பழக்க தோஷத்தில், ஒரு நொடி கூட யோசிக்காமல், நளினியின் எண்ணைத் தட்டினாய். அது போதாதென்று, நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் போனும் போட்டுவிட்டாய்.

"அம்மாடி, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

"மீட்டிங்ல இருக்கேன்பா. எதுக்கு?"

அப்போதுதான் உனக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாய். "கேஸுக்கு" என்றாய்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு நளினி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "கேஸ் கம்பெனில எதுக்குப்பா நல்ல வாழ்க்கைத்துணை அமைய வாழ்த்து சொல்றாங்க?"

நீ போனை வைத்தாய். சாளரத்தை மூடினாய். ஆபீசர் தன் கடமையைச் செய்தார். லேப்டாப்பில் உன் தடயம் துளியும் மிச்சமில்லை. தடயம் வைட்ஃபீல்டில், ஒரு மீட்டிங் அறையில் இருந்தது.

வார நாளில், அதுவும் வேலை முடிகிற நேரத்து நெரிசலில், வைட்ஃபீல்டிலிருந்து ஒருவர் ஆஸ்டின் டவுனுக்கு வருகிறார் என்றால் காரணம் சாவாக இருக்க வேண்டும், அல்லது கோபமாக இருக்க வேண்டும். நளினி அன்று மாலையே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். கல்யாணம் இப்போது வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், என்னைக் கேட்காமல் என் எண்ணைக் கொடுத்து எனக்கு மாப்பிள்ளை தேடுகிறாயா, அங்கிளும் இதற்குக் கூட்டா என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

நான் உன்னைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்காத அப்பன் உண்டா? அவள் கொஞ்ச நேரம் கத்துவாள், நீ மன்னிப்புக் கேட்பாய், ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக இருக்கும். எந்தத் தொழில்நுட்பமும் தராத முழு மறைவை உன் மகளே கொண்டுவந்து உன் கையில் கொடுத்திருந்தாள். தலையை ஆட்டு என்று நான் கண்ணால் சொன்னேன்.

நீ கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாய். "உனக்கு இல்லம்மா. எனக்கு."

நளினி உட்கார்ந்துவிட்டாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று கொண்டிருந்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பியது. பிறகு அவள் கேட்டாள்: "அம்மா போட்டோ இருக்கற ரூம்ல உக்காந்தா பண்ண?"

"இல்லம்மா. ஹால்ல" என்றாய்.

அவள் சாப்பிடாமல் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நீ இரண்டு பேருக்குச் சமைத்து வைத்திருந்தாய். மதியம் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டு அவள் பங்கைப் போட்டாய். நீ பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. பொய் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடி சொன்னாய்: "தெரிய வேண்டியவங்களுக்கு நாமளே சொல்லிடணும்யா. மத்தவங்களுக்கு எதுக்கு?"

அடுத்த வாரம் நடுவில் ஒரு நாள், நாம் காலை நடை முடித்துத் திரும்பும்போது உன் போன் அடித்தது. நளினி. நலம் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தாள்.

"அந்த ஓடிபி எக்ஸ்பயர் ஆயிடுச்சுப்பா. திரும்ப அனுப்பச் சொல்லு. சொல்றேன்."

நீ நடைபாதையிலேயே நின்றுவிட்டாய். பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் வழி கேட்டு இரண்டு மொழியில் திட்டினார். உனக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். முதல் வேலையாகப் புகைப்படத்தை மாற்றினாள். "தோள்ல எவன் கைப்பா இது?" இரண்டாவது வேலையாக நமக்கு வகுப்பெடுத்தாள்.

"அந்தக் கறுப்பு விண்டோ இந்த லேப்டாப்ல மட்டும்தான்பா மறைக்கும். கடைக்குப் போயிட்டு வந்து வாசல்ல கால் தொடச்சிக்கற மாதிரி. வீட்ல தூசி இருக்காது. ஆனா கடைக்காரனுக்கு நீ வந்தது தெரியும், ரோட்ல நின்னவனுக்கும் தெரியும்."

நெட் இணைப்புக் கொடுக்கும் கம்பெனி ரோட்டில் நிற்பவன் என்றும், பெயரும் எண்ணும் கொடுத்துவிட்டால் கடைக்காரனுக்கு நம் விலாசமே தெரிந்துவிடும் என்றும் விளக்கினாள்.

நீ இன்ஸ்பெக்‌ஷன் குரலில் கேட்டாய்: "அப்ப அந்த ஆபீசர் யார்கிட்டருந்துதான் மறைக்கறாரு?"

"வீட்ல இருக்கறவங்ககிட்டருந்து."

"அதுலயும் ஃபெயில்" என்றாய்.

அவள் சொன்னது உண்மை என்பதற்கு நானே சாட்சி. உன் வீட்டு வைஃபையில்தான் என் போனும் ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்களுக்கு எனக்குப் பட்டுப்புடவை, கல்யாண மண்டபம், கடைசியில் குடகில் தேனிலவு என்று விளம்பரங்கள் படிப்படியாக முன்னேறின. என் மனைவி விளக்கம் கேட்டாள். உன் பெயரைச் சொல்லாமல் சமாளித்தேன். அந்த முழு விவகாரத்திலும் கசியாத ஒரே இடம் நான்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உன்னை நாலு பேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேர்தான் சொன்னார்கள். அடுத்து வந்தவர் வசந்தா. அடுகோடியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். தர்ஷினி ஓட்டல் ஒன்றில் நின்றபடி காபி குடித்துக்கொண்டே பேசினோம். நளினியும் வந்திருந்தாள். நடந்ததை எல்லாம் நீ ஒளிக்காமல் சொன்னாய், கேஸ் பொய் உட்பட. வசந்தா நிதானமாகக் கேட்டுவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"பரவாகில்லா சார். நானும் அந்தக் கறுப்பு விண்டோலதான் பார்த்தேன், என் தங்கச்சி பையன் போன்ல. மறுநாள் அவனே உங்க புரொஃபைல எடுத்துட்டு வந்து, பெரியம்மா இவரப் பாருன்னு காட்டறான்."

நீ சிரித்ததை அன்று நீண்ட காலத்துக்குப் பிறகு பார்த்தேன். விகாரையில் சில பேர் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்தை நளினி போட்டாள். அதன் பிறகு கீழ்வீட்டில் திரைச்சீலையை யாரும் இழுத்துவிட்டதாக நினைவில்லை. ஓட்டல் இட்லி கூடத் தேறத் தொடங்கியது.

உனக்குக் கிடைத்தது சில வருடங்கள்தான். போன மழைக்காலத்தில், மருத்துவமனையில் ஒரு பக்கம் வசந்தாவும் மறுபக்கம் நளினியும் உட்கார்ந்திருக்க, நீ போனாய். எங்களில் யாரிடமும் மறைக்க உன்னிடம் எதுவும் இருக்கவில்லை.

மறைநிலைச் சாளரம் நம்மைக் காக்குமா என்று இப்போது யாராவது கேட்டால், நளினியின் கடைக்காரனைச் சொல்கிறேன். கூடவே நீ சோறு பிசைந்துகொண்டு சொன்னதையும் சொல்கிறேன். உன்னிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அதை நான் தினசரி உபயோகத்தில் வைத்திருக்கிறேன். டார்ச் லைட் செயலி என் இருப்பிடத்தைக் கேட்டால் மறுக்கிறேன். இருட்டில் நான் எங்கே நிற்கிறேன் என்பது அதற்குத் தேவையில்லை. சென்ற வாரம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் வழக்கம்போல மொபைல் எண் கேட்டாள். துவரம்பருப்பு வாங்க எண் எதற்கம்மா, வேண்டாமே என்றேன். உலகம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் பில்லைக் கொடுத்தாள். எனக்குப் பின்னால் நின்ற இளைஞன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முறை வந்தபோது அவனும் வேண்டாம் என்றான். அவனுக்கும் பின்னால் நின்ற ஒரு அம்மாவும் அதையே சொன்னார். வரிசை வேகமாக நகர்ந்தது.

நளினி வைட்ஃபீல்ட் பிளாட்டைக் காலி செய்துவிட்டாள். போன மாதத்திலிருந்து அவளும் வசந்தாவும் கீழ்வீட்டில் இருக்கிறார்கள். வேலைக்கு மெட்ரோவில் போய் வருகிறாள்.