ஆறாவது புட்டியும் ஒற்றைச் சாக்ஸும்

ஜூன் 3, செவ்வாய்

மகப்பேறு விடுப்பு முடிந்து இரண்டாம் நாள். கப்பலில் வந்த கடல்நீர் என் பொறுப்பில். வெப்பக்கடலின் நூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீர். அங்கே வெளிச்சம் பேருக்குத்தான். ஆக்சிஜன் பேருக்குக்கூட இல்லை. அந்த இடத்திலும் மிதவைப்பாசிகள் குடித்தனம் நடத்துகின்றன! துளி வெளிச்சத்தை வைத்து ஆக்சிஜன் தயாரிக்கின்றன. தயாரித்த கையோடு அக்கம்பக்கத்து நுண்ணுயிர்கள் பிடுங்கிக்கொள்கின்றன. (எங்கள் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது.)

ஐந்து புட்டி ஆய்வுக்கு. ஆறாவது உபரி, அதுவும் ஒல்லி. பாசி அலமாரியின் மூலையில், தாங்கியின் குழிக்குள் நிற்காமல் ஆடியது. கைப்பையில் அகப்பட்ட ஏதோ துணியைப் பார்க்காமலே மாட்டிச் சொருகினேன். கச்சிதம்.

ஆய்வகத் தலைவி மேடம் சொன்னார்: "அடுத்த கப்பல் ரெண்டு வருஷம் கழிச்சுதான். முப்பதாம் தேதி மதிப்பீட்டுக் குழு வரும். இதுங்க வளரலைன்னா இந்த லேப்ல உன் இடத்தை என்னால காப்பாத்த முடியாது."

ஜூன் 4

தூங்கும் பொடியன் மூச்சு விடுகிறானா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். எழுந்துவிட்டான். கணவர் தலையணைக்குள்ளிருந்து: "ஆறு மாசமா விட்டுட்டுத்தான் இருக்கான். இன்னைக்கு மட்டும் மறந்துடுவானா?"

ஜூன் 6

பாசி அலமாரியை இன்று எத்தனை தடவை திறந்தேன்? எண்ணவில்லை. உள்ளே இருட்டு, மங்கலாக ஒரு நீல விளக்கு மட்டும். டார்ச் அடித்தால்தான் ஏதாவது தெரிகிறது. இதுகளுக்கு அதிக வெளிச்சம் ஆகாது – தெரியும். இளநிலை மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு நிமிஷம்தானே?

ஜூன் 8, ஞாயிறு

பொடியனின் மஞ்சள் சாக்ஸில் ஒன்றைக் காணோம். அத்தை கட்டிலடி, வாஷிங் மெஷின், கணவரின் ஷூ வரை தேடிவிட்டு என்னைப் பார்த்தார். "கண்ணுக்கே தெரியாத பூச்சியெல்லாம் தெரியுது. இத்தனை மஞ்சளா ஒண்ணு தெரியலையா உனக்கு?"

பூச்சி இல்லை அத்தை, பாசி. – மனசுக்குள் திருத்தினேன்.

ஜூன் 9

முதல் அளவீடு. ஐந்து புட்டியிலும் பாசி பாதியாகிவிட்டது. ஏன்? வெப்பம் சரி. சத்து சரி. என் கவனிப்பில் என்ன குறை? நாளையிலிருந்து இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஜூன் 16

ஐந்தும் போச்சு. ஏறக்குறைய சுழி. கழிவறையில் போய் அழுதேன். என்ன பொம்பள நான்? பாசியக்கூட வளக்கத் தெரியல.

ஜூன் 17

மேடம் அழைத்தார். அலமாரிக்குள் வெளிச்சத்தைக் குறித்துவைக்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறதாம். அதன் வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். ரம்பப் பல் மாதிரி இருந்தது.

"இது என்னம்மா? கடலுக்கடியில தினம் பதினோரு தடவை விடியுதா?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "உயிரோட இருக்கான்னு பாத்தேன் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

புட்டிகளை ஒழிக்கப் போனபோது லேப் அண்ணன் மூலையிலிருந்து ஆறாவதை எடுத்தார். "இது மட்டும் ஏம்மா சட்டை போட்டிருக்கு?"

கழுத்து வரை மஞ்சள் சாக்ஸ்.

அளந்தோம். மும்மடங்கு! உபரிதானே என்று அதன்மேல் நான் ஒருநாளும் டார்ச் அடிக்கவில்லை; பக்கத்தில் அடித்த வெளிச்சத்தையும் துணி மறைத்துவிட்டது. நான் கவனிக்காமல் விட்ட ஒரே பிள்ளை, கொழுகொழுவென்று இருக்கிறது.

"இதையே அஞ்சாப் பிரிச்சு வளர்த்துடு" என்றார் மேடம். "சாவி அண்ணன்கிட்ட இருக்கட்டும்."

ஜூன் 20

சாவி கேட்டேன். "திங்கக்கிழமைதான்" என்றார் அண்ணன். ஒரே ஒரு தடவை என்றேன். "கடல்ல கதவு கிடையாதும்மா. போய் டீ குடிங்க."

ஜூன் 23

அளந்தோம். ஐந்தும் ஏறுமுகம். அண்ணனே பூட்டினார்.

ஜூன் 30

குழுவில் ஒருவர் கேட்டார்: "அந்த ஆறாவது புட்டிக்கு நிழல் எதுல கொடுத்தீங்க?"

"குழந்தை சாக்ஸ் சார். பருத்தி. ஆறு மாத அளவு."

சிரிக்காமல் எழுதிக்கொண்டார். வரைபடத்தில் பதினேழாம் தேதிக்குப் பிறகு வாரம் ஒரு பல்தான், மற்றதெல்லாம் நேர்கோடு. இடம் எனக்கே. இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை (இந்தக் கவலை மட்டும்).

வீட்டில் அத்தை: "அந்த சாக்ஸு கிடைச்சுதா?"

"வேலைக்குப் போயிருக்கு அத்தை."

பொடியன் உள்ளே தூங்குகிறான். கதவு வரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன்.

திரும்பி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.